கேம் ஆடத் தெரியும்... கேம் செய்யத் தெரியுமா?

மதுரையிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில், மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. நத்தத்திலிருந்து வரும் சாலையும் சிங்கம்புணரிக்குப் போகும் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டபின் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். எல்லா ஊரிலும் பார்க்கிற அதே காட்சிதான். ஒரு போன், அதைச் சுற்றி நாலு தலை. ஒருவன் ஆடுவான், மற்ற மூவரும் யோசனை சொல்வார்கள். "டேய், லெஃப்ட்ல வர்றான் பாரு!"

இதைப் பார்த்ததும் பெரியவர்கள் வாயிலிருந்து என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் திட்டில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த நாலு பேரிடமும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "இதை எப்படிடா செஞ்சிருப்பாங்க? நீங்க ஒண்ணு செய்வீங்களா?"

செய்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே.

சென்னையைச் சேர்ந்த ஷ்ரவன் குமரன், சஞ்சய் குமரன் சகோதரர்கள் 2012 வாக்கில் செய்திகளில் அடிபட்டபோது அண்ணனுக்கு வயது 12, தம்பிக்கு 10. 'கோ டைமென்ஷன்ஸ்' என்று பெயர் வைத்து வீட்டிலேயே ஒரு நிறுவனம். அவர்களின் முதல் கேம் 'கேட்ச் மீ காப்'. வேறொன்றுமில்லை, நாமெல்லாம் தெருவில் ஓடி விளையாடிய கள்ளன் - போலீஸ்தான்! அது வெளிவருவதற்கு முன் ஏறக்குறைய 150 செயலிகளைச் சோதனையாகச் செய்து பார்த்ததாக அப்போது சொன்னார்கள். பத்து வயதில் செயலி செய்தான் என்பதைவிட, அந்த 150 என்ற எண்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

"அவங்க அப்பா கம்ப்யூட்டர் ஆளு, சொல்லிக் கொடுத்திருப்பாரு" என்பீர்கள். உண்மைதான். அப்பா மென்பொருள் துறையில் இருந்தவர். வீட்டில் கருவிகளுக்குக் குறைவில்லை. கொட்டாம்பட்டிக்கு இந்த உதாரணம் அப்படியே பொருந்தாது.

அப்படியானால் தாராவிக்கு வாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மும்பைக் குடிசைப் பகுதி. நவ்நீத் ரஞ்சன் என்ற ஆவணப்பட இயக்குநர் 2014-ல் அங்கே 'தாராவி டைரி' என்ற முயற்சியைத் தொடங்கினார். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத சிறுமிகள், வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தாங்களே செயலிகள் செய்தார்கள். ஒன்று பெண்களின் பாதுகாப்புக்கு. இன்னொன்றின் பெயர் 'பானி', அதாவது தண்ணீர். பொதுக்குழாய் வரிசையில் தங்கள் முறை எப்போது வரும் என்று தெரிவிக்கும் செயலி. குடத்தோடு நின்று கால் கடுத்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு செயலி வேண்டும் என்று தோன்றும்.

இவை கேம் அல்ல, பயன்பாட்டுச் செயலிகள். ஆனால் செய்யும் முறை ஒன்றே. செய்தவர்கள் பெண் பிள்ளைகள் என்பதையும் கவனியுங்கள். பஸ் நிறுத்தத்தில் போனைச் சுற்றி நிற்கும் நாலு தலையும் பெரும்பாலும் பையன்களாகவே இருக்கும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அண்ணன் கையிலிருந்து தங்கை கைக்கு வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். இது நம் வீடுகளில் சரிசெய்ய வேண்டிய கணக்கு.

கடைசிப் பாடம்

நம் அரசுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பாடத்தைப் புரட்டுங்கள். காட்சித் தொடர்பு பற்றிய பாடம் அது. அதில் 'ஸ்கிராச்' பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007-ல் பிள்ளைகளுக்காகவே வெளியிட்ட இலவச மென்பொருள் அது. கட்டங்களை ஒன்றோடொன்று கோத்தால் திரையில் பூனை நடக்கும், பேசும், பந்து உதைக்கும். பிள்ளைகள் தங்கள் சொந்தக் கேமைச் செய்ய இதைவிட நல்ல வாசல் கிடையாது.

ஆனால் அது கடைசிப் பாடம்! பொதுத்தேர்வு நெருக்கும் நேரத்தில் கடைசிப் பாடத்தின் கதி என்னவாகும் என்று ஆசிரியர்களுக்கும் தெரியும், படித்த நமக்கும் தெரியும். 'ஸ்கிராச் என்றால் என்ன?' என்ற கேள்விக்கு மனப்பாடமாக எழுதத் தெரிந்த பிள்ளையிடம், "அந்தப் பூனையை ஒரு தடவை நடக்க வெச்சிருக்கியா?" என்று கேட்டுப் பாருங்கள். ப்ளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் மொழியே வந்துவிட்டது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்திருக்கிறது. புத்தகமும் கம்ப்யூட்டரும் இருக்கும்போது, மீதி தேவைப்படுவது வாரத்தில் ஒரு மணி நேரமும், "செஞ்சுதான் பாரேன்" என்று சொல்லும் ஒரு ஆளும்தான்.

மாந்தோப்பு அணில்

சரி, எங்கே தொடங்குவது? ஸ்கிராச்சில் கை பழகியதும் அடுத்தது 'ஆப் இன்வென்டர்'. 2010-ல் கூகுள் வெளியிட்டு, பிறகு எம்.ஐ.டி. எடுத்து நடத்தும் இலவசக் கருவி. தாராவிப் பிள்ளைகள் பயன்படுத்தியதும் இதைத்தான். கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து கட்டங்களைக் கோக்க வேண்டும். போனில் அதன் துணைச் செயலியை வைத்துக்கொண்டு கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், செய்யச் செய்ய அது போனில் தெரியும். கம்ப்யூட்டரே கிடைக்காது என்பவர்களுக்கு 'பாக்கெட் கோட்' என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இதில் போனிலேயே கேமைச் செய்து போனிலேயே ஆடலாம்.

ஆப் இன்வென்டரில் புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிகளில் ஒன்று, வளையிலிருந்து தலைகாட்டும் ஒரு பிராணியைத் தட்டும் கேம். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பிராணியைத் தெரியாது. மாந்தோப்பில் மாங்காயைக் கொறிக்கும் அணிலைத் தெரியும். அதையே வைத்துக்கொள்வோமே! தோப்பை ஒரு படமாக வரைந்து பின்னணியில் போட வேண்டும். அதன்மேல் ஓர் அணில். கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கடிகாரம். கடிகாரம் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அணில் வேறு இடத்துக்குத் தாவ வேண்டும். விரல் அணில்மேல் பட்டால் ஒரு மார்க். அவ்வளவுதான் கேம். ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

சுவாரஸ்யம் இனிமேல்தான். கடிகாரத்துக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். 1000 என்றால் ஒரு விநாடி. அப்படி வைத்தால் ஒண்ணாம் வகுப்புத் தம்பிகூட ஜெயித்துவிடுவான். 500 என்று வைத்தால் பெரியவர்களுக்கும் சூடு பிடிக்கும். 200 என்று வைத்தால் யாராலும் தொட முடியாது, இரண்டே நிமிடத்தில் எரிச்சலாகிப் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். பிள்ளை இந்த எண்ணை ஏற்றி இறக்கி, யார் எந்த இடத்தில் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கேட்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கும்.

அங்கேதான் ஒரு வெளிச்சம் விழுகிறது. 'கேண்டி க்ரஷ்' ஆடுகிறவர்களுக்குத் தெரியும், கையில் ஐந்து உயிர் கொடுப்பார்கள். தீர்ந்துவிட்டால் ஓர் உயிர் திரும்ப வர 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். அந்த 30 வானத்திலிருந்து விழுந்ததா? எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒருவர் வைத்த எண். அணிலுக்கு 500 வைத்த பிள்ளைக்கு அது சட்டென்று புரிந்துவிடும். நாம் பத்து தடவை "அடிமையாகிடாதே" என்று அறிவுரை சொல்லியும் ஏறாதது, ஓர் எண்ணைத் தானே மாற்றிப் பார்த்ததும் ஏறிவிடுகிறது.

அப்பத்தாவிடம் கேட்க வேண்டிய விதிகள்

அணில் முடிந்ததா? அடுத்து என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால் பல்லாங்குழி என்பேன். பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. (பெருமை வேண்டுமானால் அதுவும் இருக்கிறது: மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் தோண்டியபோது பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. வைகைக் கரையில் விளையாட்டு நேற்று வந்ததல்ல.) கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிடத் தோதான ஆட்டம் இல்லை என்பதுதான் காரணம்.

மரப்பலகையில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் 14 குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்று வைத்துக்கொண்டால் 70. கம்ப்யூட்டருக்குப் பலகையும் தெரியாது, புளியங்கொட்டையும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 14 எண்கள் கொண்ட ஒரு பட்டியல். 5, 5, 5... என்று பதினான்கு முறை. மூன்றாவது குழியை அள்ளினால் அந்த இடத்தில் 0. அடுத்த ஐந்து எண்களிலும் ஒவ்வொன்று கூட வேண்டும். கேட்பதற்குச் சுலபம்.

ஆனால் பதின்மூன்றாவது குழியை அள்ளினால்? பதினான்கில் ஒன்று போட்டதும் கம்ப்யூட்டர் பதினைந்தாவது குழியைத் தேடும். அப்படி ஒரு குழி இல்லை. "14 மட்டுமே உள்ள பட்டியலில் 15-வதைக் கேட்கிறாய்" என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தியைக் காட்டி நின்றுவிடும். நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லாமலே தெரியும், கோடியில் போய்த் திரும்பி வர வேண்டும் என்று. கம்ப்யூட்டருக்கு அதையும் சொல்ல வேண்டும். பதினைந்து வந்தால் ஒன்றுக்குப் போ.

இப்போது ஆட்ட விதிகள். இங்கேதான் அப்பத்தா வருகிறார்.

"அப்பத்தா, கையில காய் தீர்ந்துபோச்சுன்னா?"

"அடுத்த குழிய அள்ளி மேக்கொண்டு ஆடணும்."

"அடுத்த குழி காலியா இருந்தா?"

"அதத் தொடைச்சுட்டு அதுக்கடுத்த குழியில இருக்கறத எடுத்துக்க. அதோட உன் ஆட்டம் முடிஞ்சது."

"அதுக்கடுத்ததும் காலின்னா?"

"ஒண்ணும் கிடையாது. அடுத்த ஆளு ஆடட்டும்."

"ஒரு குழியில நாலு சேர்ந்தா?"

"பசு! எடுத்துக்க வேண்டியதுதான்."

"யாரு எடுக்கணும்? ஆடறவங்களா, அந்தக் குழிக்குச் சொந்தக்காரங்களா?"

அறுபது வருஷமாக ஆடும் அப்பத்தா இந்த இடத்தில் கொஞ்சம் யோசிப்பார். "எங்க ஊர்ல சொந்தக்காரங்கதான் எடுப்போம்" என்பார். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "எங்க பக்கம் அப்படி இல்லையே!" ஊருக்கு ஊர் விதி மாறும். குழிக்கு ஐந்தா, ஆறா, பன்னிரண்டா என்பதும் மாறும். பலகையை நடுவில் வைத்து ஆடும்போது இந்தச் சண்டை எல்லாம் பேச்சிலேயே தீர்ந்துவிடும். கேமாக எழுதும்போது மழுப்ப முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும், அல்லது ஆடுபவரே "எந்த ஊர் ஆட்டம்?" என்று தேர்வு செய்யும்படி வைக்க வேண்டும். இரண்டாவதைச் செய்கிற பிள்ளை, தன்னை அறியாமலே, எந்தப் புத்தகத்திலும் இல்லாத இரண்டு ஊர்களின் விதியை எழுதிவைத்துவிடுகிறது.

ஒரு சின்ன வித்தை சொல்கிறேன், செய்பவர்களுக்கு உதவும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் 14 குழிகளையும் இருவரும் ஜெயித்த காய்களையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 70 வர வேண்டும். 69 வந்தால் எங்கோ ஒரு புளியங்கொட்டை திருடு போயிருக்கிறது, 71 வந்தால் எங்கோ முளைத்திருக்கிறது. உங்கள் பிழை அந்த ஆட்டத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். மளிகைக் கடைக்காரர் ராத்திரி கல்லாவை எண்ணுவது மாதிரி.

இது ஓடத் தொடங்கிவிட்டால் ஆடுபுலி ஆட்டத்துக்குப் போகலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. அதில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு போகிறது, புலி எதைத் தாண்டி எங்கே குதிக்கும் என்று முழுப் பட்டியலையும் எழுத வேண்டும். பொறுமை வேண்டும். அதற்கு ஒரு கோடை விடுமுறை ஆகும்.

'கொ' படுத்தும் பாடு

கேமின் முகப்பில் ஊர்ப் பெயரைப் போட ஆசை வருமல்லவா? கொட்டாம்பட்டி என்று எழுதும்போது ஒரு வேடிக்கை நடக்கலாம்.

'கொ' என்ற எழுத்தை கம்ப்யூட்டர் தனக்குள் 'க' முதலில், ஒகரக் குறி பிறகு என்றுதான் சேமிக்கிறது. ஆனால் கண்ணுக்குக் காட்டும்போது கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டும். இந்த நுணுக்கம் தெரியாத கேம் மென்பொருள்கள் உண்டு. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் 'யூனிட்டி'யிலேயே தமிழ் எழுத்து இப்படிச் சிதறி விழுவது பலருக்கும் பழகிய தலைவலி. ஆப் இன்வென்டர், ஆண்ட்ராய்டு போனின் சொந்த எழுத்தையே பயன்படுத்துவதால் அந்தத் தொல்லை இல்லை. 'கோடாட்' என்ற இலவச மென்பொருளின் நான்காம் பதிப்பும் தமிழைச் சரியாகக் காட்டும். ஆங்கிலத்தில் யோசித்துச் செய்தவர்கள் கண்ணில் 'கொ' படவில்லை. கொட்டாம்பட்டிக்காரர்கள் கண்ணில் முதலில் படுவதே அதுதான்!

காசு வருமா?

பெற்றோர்கள் கேட்கும் கேள்வி. 2020 ஊரடங்கு நேரத்தில் வந்த விளம்பரங்கள் நினைவிருக்கும். ஆறு வயதில் கோடிங், அப்புறம் கோடிகளில் சம்பளம் என்றெல்லாம் சொல்லிப் பல ஆயிரங்களை வாங்கினார்கள். நான் சொன்ன கருவிகள் அத்தனையும் இலவசம். காசு வரும் என்று நம்பிப் பிள்ளையை இதில் இறக்க வேண்டாம்.

காசு வந்த ஒருவரின் கதையும் கேளுங்கள். வியட்நாமின் ஹனோய் நகரைச் சேர்ந்த டாங் நுயென் என்ற இளைஞர் 2013-ல் தனி ஆளாக 'ஃப்ளாப்பி பேர்ட்' என்ற கேமை வெளியிட்டார். ஒரு குருவி, சில குழாய்கள், தட்டினால் பறக்கும், அவ்வளவுதான். சில மாதங்களில் உலகமே அதை ஆடியது. விளம்பரத்தில் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வருவதாகப் பேசினார்கள். 2014 பிப்ரவரியில் அவரே அதைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். சில நிமிடம் இளைப்பாறுவதற்காகச் செய்த விளையாட்டு, ஆட்களைப் பிடித்து வைக்கும் பண்டமாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம்.

எல்லோரும் அவரைப் போல் இல்லை. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிரைவிட்டவர்களின் செய்திகளை நாம் படித்திருக்கிறோம். தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2025-ல் பணம் கட்டி ஆடும் கேம்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு நாடு முழுவதும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் காசு கட்டாத கேம்கள் நேரத்தைக் கேட்கும். அதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

பன்னிரண்டு பேர் வேண்டும்

செய்த கேமை என்ன செய்வது? சிநேகிதர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். 'தெரியாத இடத்திலிருந்து வருகிறது' என்று போன் எச்சரிக்கும். அனுப்பியது யார் என்று தெரிந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

பிளே ஸ்டோரில் போட ஆசை என்றால் வீட்டில் ஒரு பெரியவர் பெயரில் கணக்கு தொடங்க வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ஒரே முறை 25 டாலர், நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம். ஆப்பிள் கடைக்கு என்றால் வருஷா வருஷம் 99 டாலர், அதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

பணத்தைவிடப் பெரிய நிபந்தனை ஒன்று இருக்கிறது. புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர்கள், குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் கேமை எல்லோருக்கும் திறந்துவிட முடியும். முதலில் 20 பேர் என்று வைத்திருந்தார்கள், 2024 கடைசியில் 12 ஆகக் குறைத்தார்கள்.

நகரத்தில் அடுக்குமாடியில் இருப்பவர்கள் இந்தப் பன்னிரண்டு பேருக்கு அலைவார்கள். கொட்டாம்பட்டியில் ஒரு தெருவே போதும். சித்தி, மாமா, டீக்கடை அண்ணன், டியூஷன் அக்கா, பஸ் நிறுத்தத்தின் அந்த நாலு தலை என்று எண்ணினாலே வந்துவிடும். இரண்டு வாரம் அவர்கள் ஆடி, குறை சொல்ல வேண்டும். "எழுத்து பொடிசா இருக்குடா", "சத்தத்த நிறுத்த வழியில்லையா?", "நான் ஜெயிச்சேன், தோத்துட்டேன்னு காட்டுது" என்று வரும். அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதி ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும்.

பன்னிரண்டாவது ஆளாக அப்பத்தாவின் பெயரைச் சேர்க்க மறக்க வேண்டாம். அவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்க வேண்டியிருக்கும். காலிக் குழியைத் தொட்டதும் விரலால் துடைப்பது மாதிரி காட்டவில்லை என்றால், அந்தக் குறையை முதலில் சொல்பவர் அவராகத்தான் இருப்பார்.